அட்டையைத் திருப்பும் முன்: மின்னட்டைகளால் படித்தும் கற்பித்தும் அறிந்தவை

என் மேசை இழுப்பறையைத் திறந்தால் ரப்பர் வளையம் போட்ட அட்டைக் கட்டுகள்தாம் முதலில் கண்ணில் படும். சில கட்டுகள் வகுப்புப் பிள்ளைகளுக்காக எழுதியவை. சில, வயது வந்த பிறகு ஜெர்மன் மொழி கற்க முனைந்தபோது எனக்காக நானே எழுதிக்கொண்டவை. முன்பக்கத்தில் ஒரு கேள்வி, பின்பக்கத்தில் விடை, அவ்வளவுதான். ஃபிளாஷ் கார்டு என்றும் மின்னட்டை என்றும் சொல்லப்படும் இந்தச் சிறு அட்டையைப் போல் எளிய கற்றல் கருவி வேறொன்றை நான் அறியேன். ஆனால் அட்டையை எழுதி வைத்திருக்கும் மாணவர்கள் அளவுக்கு, அதை அதற்குரிய முறையில் பயன்படுத்தும் மாணவர்களைப் பார்க்க முடிவதில்லை. கேள்வியைப் படித்த கையோடு அட்டையைத் திருப்பி, விடையைப் பார்த்து, தலையசைத்து, அடுத்ததற்குப் போய்விடுகிறார்கள். கேள்விக்கும் விடைக்கும் இடையே சில வினாடிகள் திணற வேண்டும். அந்தத் திணறலில்தான் படிப்பு நடக்கிறது. அட்டையை எப்படி எழுதுவது, எப்படி அடுக்குவது, வகுப்பில் எப்படிக் காட்டுவது என்று நான் கற்றுக்கொண்டதெல்லாம் அந்தச் சில வினாடிகளைக் காப்பாற்றுவதற்கான வழிகள்தாம்.

பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கும்போது வரிகள் பழகிப்போகின்றன. பழகியதும் தெரிந்துவிட்டது போலத் தோன்றுகிறது. எதிரே வரும் ஒருவரின் முகம் நன்றாகத் தெரிந்தும் பெயர் மட்டும் வாயில் வராமல் நிற்கிறோமே, அந்த நிலைதான் இது. தேர்வுத் தாளோ முகத்தைக் காட்டுவதில்லை, பெயரைத்தான் கேட்கிறது. "வீட்டில் எல்லாம் தெரிந்தது டீச்சர், தேர்வில்தான் வரவில்லை" என்று சொல்லும் பிள்ளை பொய் சொல்லவில்லை. புத்தகம் திறந்திருக்கும்போது தெரிந்தது, மூடியபோது தெரியவில்லை. மூடிய நிலையில் பழகாத நினைவு, மூடிய நிலையில் எழுந்து வருவதில்லை.

இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்களுக்கு ஓர் உரைநடைப் பகுதி தரப்பட்டது. ஒரு குழு நான்கு அமர்வுகளிலும் அதை வாசித்துக்கொண்டே இருந்தது. இன்னொரு குழு முதல் அமர்வில் மட்டும் வாசித்தது. மற்ற மூன்றிலும் பகுதியைப் பார்க்காமல், நினைவிலிருந்ததை எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது வாசித்தவர்கள் 83 சதவீதமும், எழுதிப் பார்த்தவர்கள் 71 சதவீதமும் நினைவுகூர்ந்தார்கள். ஒரு வாரம் கழித்தோ வாசித்தவர்கள் 40 சதவீதத்துக்கு இறங்கிவிட்டார்கள். எழுதிப் பார்த்தவர்களிடம் 61 சதவீதம் நின்றது. தேர்வுக்கு முந்திய இரவு வாசிப்பு ஏன் கைகொடுப்பது போலத் தெரிகிறது, அடுத்த மாதம் ஏன் எதுவும் மிஞ்சுவதில்லை என்ற இரண்டு கேள்விகளுக்கும் இந்த நான்கு எண்கள் பதில் சொல்லிவிடுகின்றன. பெற்றோரோடு பேசும்போதெல்லாம் இவற்றைத் தாளில் எழுதியே காட்டுவேன்.

ஆகவே என் வகுப்பில் அட்டைக்கு ஒரே ஒரு விதிதான் கண்டிப்பானது: விடையை வாயால் சொல்லாமலோ தாளில் எழுதாமலோ அட்டையைத் திருப்பக்கூடாது. மனத்துக்குள் சொல்லிக்கொள்வதை நான் ஏற்பதில்லை. மனத்துக்குள் சொல்வது பெரும்பாலும் பாதியில் நின்றுவிடும். "அதுதானே, தெரியுமே" என்று மனம் நம்மைச் சமாதானப்படுத்திவிடும். வாய் திறந்தால்தான் பாதி தெரிவதும் முழுதாகத் தெரிவதும் பிரியும். தெரியவில்லை என்றாலும் ஏதாவது ஒரு விடையை ஊகித்துச் சொல்லிவிட்டே திருப்ப வேண்டும். உறுதியாக நம்பிச் சொன்ன விடை தவறு என்று தெரியவரும்போது, அந்தத் திருத்தம் அரைமனதாகச் சொன்னதன் திருத்தத்தைவிட ஆழமாகப் பதிகிறது என்று 2001-இல் பட்டர்ஃபீல்டும் மெட்காஃபும் ஆய்ந்து எழுதியிருக்கிறார்கள். வகுப்பில் இதை அடிக்கடி பார்க்கிறேன். தவறாகச் சொல்லி, திருப்பிப் பார்த்து, "ஐயோ!" என்று கத்திய பிள்ளை, மறுமுறை அந்த விடையைத் தவறவிடுவது அரிது.

அட்டை எழுதுவதில்தான் மாணவர்களின் உழைப்பு மிகவும் வீணாகிறது. பாடநூலின் ஒரு பத்தியை அப்படியே சிறிய எழுத்தில் பின்பக்கத்தில் நெருக்கி எழுதி, முன்பக்கத்தில் "இதயம்" என்று தலைப்பிட்டு வைத்திருப்பார்கள். "இதயம்" என்பது கேள்வியே அல்ல. அதற்கு என்ன விடை சொன்னாலும் பாதி சரியாக இருக்கும், பாதி விடுபட்டிருக்கும். சரியென்று வைப்பதா தவறென்று வைப்பதா என்று சொல்பவருக்கே தெரியாது. ஓர் அட்டைக்கு ஒரு கேள்வி, ஒரு கேள்விக்கு ஒரு விடை. அதே இதயப் பாடத்தை நாங்கள் பிரித்தபோது பல அட்டைகள் வந்தன. மனித இதயத்தில் எத்தனை அறைகள்? உடல் முழுவதற்கும் இரத்தத்தைச் செலுத்தும் அறை எது? இடது ஆரிக்கிளுக்கும் (மேலறை) இடது வெண்ட்ரிக்கிளுக்கும் (கீழறை) இடையே உள்ள வால்வு எது? இவை ஒற்றைச் சொல் விடைகள். இவற்றோடு நிறுத்தியிருந்தால் அது வெறும் மனப்பாடம்தான். அடுத்து வந்தவை எனக்குப் பிடித்தமானவை: இடது வெண்ட்ரிக்கிளின் சுவர் வலது வெண்ட்ரிக்கிளின் சுவரைவிடத் தடிமனாக இருப்பது ஏன்? வலது பக்கம் அருகிலிருக்கும் நுரையீரலுக்கு அனுப்பினால் போதும், இடது பக்கம் கால்விரல் வரை தள்ள வேண்டும். இந்த விடையும் ஒரே வாக்கியம்தான். ஆனால் அதைச் சொல்ல, பாடத்தின் பாதியை விளங்கிக்கொண்டிருக்க வேண்டும். "ஏன்" என்று தொடங்கும் அட்டை ஒவ்வொரு கட்டிலும் இருந்தே ஆக வேண்டும் என்று பிள்ளைகளிடம் வற்புறுத்துகிறேன். நுரையீரல் சிரையைப் பற்றிய அட்டையும் அப்படித்தான். மற்றச் சிரைகள் ஆக்சிஜன் குறைந்த இரத்தத்தைச் சுமக்க, இது மட்டும் ஆக்சிஜன் மிகுந்த இரத்தத்தைக் கொண்டுவருகிறது, ஏன்? விதிவிலக்குகள் அட்டைக்கு மிகவும் பொருத்தமானவை. வாசிக்கும்போது கண் அவற்றை எளிதாகத் தாண்டிவிடுகிறது. அட்டை தாண்ட விடுவதில்லை.

பட்டியல்களை அட்டையில் எழுதுவதை நான் ஊக்குவிப்பதில்லை. "இதன் ஐந்து காரணங்களைக் கூறுக" என்ற அட்டையில் நான்கைச் சொன்ன பிள்ளை தோற்றவரா வென்றவரா? ஐந்தையும் ஐந்து அட்டைகளாக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு காரணத்தின் இடத்தை மட்டும் கோடிட்டு விட்டுவைத்தால் எந்தக் காரணம் நினைவில் நிற்க மறுக்கிறது என்பது துல்லியமாகத் தெரிந்துவிடும்.

கணக்குக்கு அட்டை உதவாது என்று பலர் சொல்வார்கள். வாய்பாட்டுக்கு உதவும் என்பதை ஒப்புக்கொள்வார்கள், அதற்கு மேல் இல்லை என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. முன்பக்கத்தில் முழுக் கணக்கையும் எழுதுங்கள். பின்பக்கத்தில் விடையை எழுதாமல், முதல் படியை மட்டும் எழுதுங்கள். கேள்வி இதுதான்: இதை எந்த முறையில் தொடங்குவாய்? காரணிப்படுத்துவதா, சூத்திரத்தில் இடுவதா, படம் வரைவதா? பாடநூலில் ஒரே வகைக் கணக்குகள் ஒரே பயிற்சியில் வரிசையாக இருப்பதால், எந்த முறை என்று யோசிக்கும் வேலையே பிள்ளைகளுக்கு வருவதில்லை. தேர்வில் கலந்து வரும்போது தடுமாறுகிறார்கள். கலைத்துப் போட்ட அட்டைக் கட்டு அந்த யோசனையைத் தினமும் வாங்கிவிடுகிறது.

மொழிக்கு வருகிறேன். ஜெர்மன் மொழியில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் பால் உண்டு. அதற்குப் பொருளோடு தொடர்பு இருக்க வேண்டியதில்லை. கரண்டி ஆண்பால், டெர் லோஃபல். முட்கரண்டி பெண்பால், டீ காபல். கத்தி இரண்டுமற்ற பால், டாஸ் மெஸர். தர்க்கத்தால் பிடிக்க முடியாததை நினைவால்தான் பிடிக்க வேண்டும். ஆண்பாலுக்கு நீலம், பெண்பாலுக்குச் சிவப்பு, மூன்றாவதற்குப் பச்சை என்று மை மாற்றி எழுதினேன். எல்லாம் பின்பக்கத்தில் மட்டும். முன்பக்கத்தில் வண்ணம் தெரிந்தால் விடை பாதி தெரிந்துவிடும். கொஞ்ச காலத்தில் ஒரு சொல்லை நினைத்தவுடன் அதன் நிறமும் கூடவே வரத் தொடங்கியது.

சொற்களை இரு திசையிலும் பழக வேண்டும் என்பதையும் அந்தக் கட்டு எனக்குக் கற்பித்தது. ஜெர்மன் சொல்லைப் பார்த்துத் தமிழில் பொருள் சொல்வது எளிது. வாசிப்புக்கு அது போதும். தமிழ்ச் சொல்லைப் பார்த்து ஜெர்மனில் சொல்வது கடினம். பேசுவதற்கு அதுதான் வேண்டும். ஒரு திசையில் மட்டும் பழகியவருக்கு மறு திசை தானாகத் திறப்பதில்லை. கட்டை முழுவதும் புரட்டி வைத்து, பின்பக்கத்தை முன்பக்கமாக்கி, இன்னொரு சுற்றுப் போக வேண்டும்.

தமிழ் எழுத்துகளைக் கற்பிக்கும்போது அட்டையின் பயன் இன்னும் நுட்பமானது. லகர, ளகர, ழகர வேறுபாட்டுக்கு வலி, வளி, வழி என்று மூன்று சொற்களையும் அடுத்தடுத்துக் காட்டினால் பிள்ளைகள் குழம்பிப்போவார்கள். ஒன்றையொன்று ஒத்திருப்பவை ஒரே நாளில் ஒன்றாக அறிமுகமானால் மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். எனவே முதலில் "வழி" தனியாக, ஒரு வாக்கியத்தோடு, ஒரு படத்தோடு. அது நன்றாக ஊன்றிய பிறகு "வலி". கடைசியில்தான் "வளி". மூன்றும் தனித்தனியே நின்ற பிறகு ஒரே கட்டில் கலக்கலாம். அப்போது அந்தக் கலப்பே பயிற்சியாகிவிடும். முன்பக்கத்தில் தனிச் சொல்லை எழுதாமல், இடம் விட்ட வாக்கியத்தை எழுதுகிறேன்: "காலில் அடிபட்டதால் ____ தாங்க முடியவில்லை." பிள்ளை விடையை எழுதிக் காட்ட வேண்டும். உச்சரிப்பில் மூன்றையும் ஒன்றாக்கிப் பேசும் பிள்ளைக்கு வாயால் சொல்வது போதாது. கை எழுத வேண்டும். மனம், மணம், அரை, அறை, கரை, கறை என்று ஒவ்வொரு இணைக்கும் இதே வழிதான்.

சின்னப் பிள்ளைகளிடம் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அவர்கள் சொல்லைப் படிக்காமல் அட்டையைப் படித்துவிடுவார்கள். மூலை மடங்கிய அட்டை என்றால் "யானை", மைக்கறை படிந்தது என்றால் "ஏணி" என்று கண் பார்த்தவுடன் சொல்லிவிடுவார்கள். வரிசையையும் மனப்பாடம் செய்துவிடுவார்கள். "யானை"க்கு அடுத்து என்ன வரும் என்று அவர்களுக்குத் தெரியும். இதைக் குறும்பு என்று கொள்ள வேண்டாம். நினைவு எந்தத் துணுக்குக் கிடைத்தாலும் அதைப் பற்றிக்கொள்ளும் இயல்புடையது. ஒவ்வொரு முறையும் கட்டைக் கலைக்க வேண்டும், அடையாளம் விழுந்த அட்டையைப் புதிதாக எழுத வேண்டும், அதே சொல்லைக் கரும்பலகையிலும் புத்தகத்திலும் வேறு எழுத்தளவிலும் காட்டிப் பார்க்க வேண்டும். மூன்று இடங்களிலும் படித்தால்தான் அந்தச் சொல் தெரிந்ததாகக் கணக்கு.

எழுதிய அட்டைகளை எப்போது திரும்பப் பார்ப்பது? ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் 1885-இல் தன் நினைவையே சோதனைக்களமாக்கி ஒரு நூல் வெளியிட்டார். பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து, இடைவெளி விட்டு மீண்டும் கற்கும்போது எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று அளந்தார். ஒரு மணி நேரம் கழிந்ததும் அந்த மிச்சம் பாதிக்கும் கீழே போய்விட்டது. ஒரு நாளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. பிறகு சரிவு தணிகிறது. ஒரு மாதம் கழித்தும் ஐந்தில் ஒரு பங்கு நின்றது. மறதி முதல் நாளில் பாய்ந்து வருகிறது, பிறகு நிதானிக்கிறது. ஆகவே திருப்புதலும் முதலில் நெருக்கமாகவும் பிறகு தள்ளித் தள்ளியும் இருக்க வேண்டும்.

அதைக் கைக்கு அடக்கமாக்கித் தந்தவர் செபாஸ்டியன் லைட்னர். 1972-இல் அவர் எழுதிய நூலில் வந்த பெட்டி முறையை நான் பெரிய மாற்றமின்றிப் பயன்படுத்துகிறேன். ஒரு பெட்டி, அதில் ஐந்து அறைகள். புதிய அட்டை முதல் அறையில் இருக்கும். சரியாகச் சொன்னால் அடுத்த அறைக்கு நகரும். தவறினால், எந்த அறையில் இருந்தாலும் முதல் அறைக்கே திரும்பும். என் வகுப்பில் முதல் அறையைத் தினமும், இரண்டாவதை ஒருநாள் விட்டு ஒருநாள், மூன்றாவதை வாரம் ஒருமுறை, நான்காவதை இரு வாரத்துக்கு ஒருமுறை, ஐந்தாவதை மாதம் ஒருமுறை பார்க்கிறோம். நாட்களை இப்படித்தான் வைக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. இடைவெளி கூடிக்கொண்டே போக வேண்டும், அவ்வளவுதான்.

நான்காம் அறையிலிருந்து முதல் அறைக்கு ஓர் அட்டை திரும்பும்போது பிள்ளைகளின் முகம் வாடிவிடும். "ஓர் அறை மட்டும் பின்னால் வைத்துக்கொள்கிறேனே டீச்சர்" என்று பேரம் பேசுவார்கள். நான் இசைவதில்லை. உண்மையிலேயே ஓரளவு தெரிந்த அட்டை என்றால் இரண்டு வாரத்தில் மீண்டும் மேலே ஏறிவிடும். தெரியாத அட்டை என்றால் அது இருக்க வேண்டிய இடம் தினமும் பார்க்கும் அறைதான். இதைத் தண்டனை என்று பிள்ளைகள் நினைத்துவிடாதபடி பேச வேண்டியது ஆசிரியரின் பொறுப்பு. திரும்பி வரும் அட்டையைக் கையில் வாங்கி, "நல்லவேளை, தேர்வுக்கு முன்பே காட்டிக்கொடுத்துவிட்டது" என்று சொல்வேன். சில வாரங்களில் பிள்ளைகளே அதைச் சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள்.

சரியாகச் சொன்ன அட்டையைக் கட்டிலிருந்து எடுத்துவிடும் பழக்கத்தைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கெட்டிக்கார மாணவர்கள்தாம் இதை அதிகம் செய்கிறார்கள். தெரிந்ததை ஏன் மீண்டும் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் வாதம்; கேட்க நியாயமாகவே இருக்கும். கார்ப்பிக்கியும் ரோடிகரும் 2008-இல் இதைத் தனியே சோதித்தார்கள். மாணவர்கள் 40 ஸ்வாஹிலிச் சொற்களைப் பொருளோடு கற்றார்கள். ஒருமுறை சரியாகச் சொன்ன சொல்லைச் சில குழுக்களுக்குத் தொடர்ந்து கேட்டார்கள். வேறு குழுக்களுக்குக் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். ஒரு வாரத்துக்குப் பின், தொடர்ந்து கேட்கப்பட்டவர்களுக்கு ஏறத்தாழ 80 சதவீதம் நினைவிருந்தது. கேட்பது நிறுத்தப்பட்டவர்களுக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மட்டுமே. நிறுத்தப்பட்ட குழுக்களில் ஒன்று, அந்தச் சொற்களைத் தொடர்ந்து வாசித்துக்கொண்டும் இருந்தது, அப்படியும் பயனில்லை. இதில் என்னை அதிகம் பாதித்தது வேறொரு செய்தி: எவ்வளவு நினைவிருக்கும் என்று முன்கூட்டிக் கேட்டபோது எல்லாக் குழுவினரும் ஏறத்தாழப் பாதி என்றே சொன்னார்கள். தனக்கு எது நிலைத்திருக்கிறது, எது நழுவப்போகிறது என்பது படிப்பவருக்கே தெரிவதில்லை. அதனால்தான் "தெரியும்" என்ற உணர்வை நம்பி அட்டையை எடுத்துவிட நான் விடுவதில்லை. பெட்டி சொல்லட்டும்.

கட்டின் அளவும் இதைப் போலத்தான். இருபது அட்டைகளை ஐந்து ஐந்தாகப் பிரித்து ஒவ்வொரு சிறு கட்டையும் கரைத்துக் குடித்துவிட்டு அடுத்ததற்குப் போவது மனத்துக்கு இதமாக இருக்கும். இருபதையும் ஒரே கட்டாக வைத்துச் சுற்றினால் ஒரே அட்டை மீண்டும் வருவதற்குள் அது மறந்துபோயிருக்கும், எரிச்சலாக இருக்கும். நேட் கார்னெல் 2009-இல் வெளியிட்ட ஆய்வில் 90 சதவீதத்தினருக்குப் பெரிய கட்டின் இடைவெளிதான் கூடுதல் பலன் தந்தது. முதல் அமர்வு முடிந்தபோது அவர்களில் 72 சதவீதத்தினர் சிறு கட்டுதான் மேல் என்று நம்பினார்கள். எரிச்சல் வரும்போது இதைப் பிள்ளைகளுக்கு நினைவூட்டுகிறேன். மிகச் சிறிய பிள்ளைகளுக்கு மட்டும் நான் சிறு கட்டோடு தொடங்குகிறேன்; தொடர்ந்து தவறவிட்டால் அவர்கள் அட்டையையே வெறுத்துவிடுவார்கள், அந்த இழப்பு பெரிது.

வகுப்பில் அட்டையைத் தூக்கிக் காட்டும் ஆசிரியருக்கு மிகவும் கடினமான வேலை சும்மா இருப்பது. மேரி பட் ரோ என்ற கல்வியாளர் 1970-களில் அறிவியல் வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தபோது, கேள்வி கேட்ட பிறகு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு வினாடிதான் காத்திருக்கிறார்கள் என்று கண்டார். அதை மூன்று வினாடியாக்கியபோதே விடைகள் நீண்டன, வாய் திறக்காத பிள்ளைகள் பேசினார்கள், "தெரியாது" என்ற பதில் குறைந்தது. மூன்று வினாடி என்பது சொல்லும்போது சிறியது. வகுப்பின் மௌனத்தில் நிற்கும்போது நெடியது. அட்டையை உயர்த்திப் பிடித்து, மனத்துக்குள் நிதானமாக ஐந்து வரை எண்ணுவேன். அதுவரை யாரும் கை தூக்கக்கூடாது. எண்ணி முடித்ததும் எல்லோரும் சிலேட்டிலோ தாளிலோ எழுதி ஒரே நேரத்தில் காட்ட வேண்டும். முந்திக்கொள்ளும் பிள்ளை முந்திவிட்டால், மற்றவர்கள் தேடுவதை நிறுத்திவிடுவார்கள். அட்டை விளையாட்டை வேகப் போட்டியாக்குவதை இதனாலேயே நான் ஏற்பதில்லை. போட்டியில் முதல் வரிசைப் பிள்ளைகள் ஏற்கெனவே தெரிந்ததைச் சொல்லிக் களிப்பார்கள். யாருக்காக அட்டை எழுதினேனோ அந்தப் பிள்ளை கைகட்டி உட்கார்ந்திருக்கும்.

ஒருநாள் ஒரு சிறுமி விடை வராமல் நெடுநேரம் நின்றாள். நான் முதல் எழுத்தைச் சொல்லப் போனேன். "சொல்லிவிடாதீர்கள் டீச்சர், வந்துகொண்டிருக்கிறது" என்றாள். வந்தது. அவள் முகத்தில் தெரிந்த பெருமிதம், நான் சொல்லிக்கொடுத்திருந்தால் வந்திராது. அதிலிருந்து "உதவி வேண்டுமா, நேரம் வேண்டுமா?" என்று கேட்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். பெரும்பாலான பிள்ளைகள் நேரத்தைத்தான் கேட்கிறார்கள்.

வகுப்பு முடிந்ததும் தவறிய அட்டைகளைத் தனியே அடுக்கிப் பார்க்கிறேன். ஒரே அட்டையைப் பாதி வகுப்பு தவறவிட்டிருந்தால், மறுநாள் அந்த அட்டையை மீண்டும் காட்டுவதில் பொருளில்லை. அந்தப் பகுதியை நான் மீண்டும் நடத்த வேண்டும். விளங்காததை அட்டையில் ஏற்றினால் பிள்ளை ஒலியை மட்டும் மனப்பாடம் செய்யும். முதலில் விளக்கம், பிறகு உரையாடல், பிறகே அட்டை.

கணினியிலும் கைப்பேசியிலும் இதே வேலையைச் செய்யும் செயலிகள் பல உள்ளன. பியோத்ர் வோஸ்னியாக் 1987-இல் தன் சூப்பர்மெமோ நிரலுக்காக வகுத்த கணக்கின்படி, புதிய அட்டை ஒரு நாள் கழித்தும், அடுத்து ஆறு நாள் கழித்தும் வரும்; அதன் பிறகு விடை எவ்வளவு எளிதாக வந்தது என்பதைப் பொறுத்து இடைவெளி பெருகும். 2006-இல் வெளிவந்த அன்கி என்ற மின்னட்டைச் செயலி அந்தக் கணக்கை அடியொற்றி வளர்ந்தது. ஆயிரக்கணக்கான சொற்களைக் கையாளும் வயதுவந்தவர்களுக்கு நான் செயலியைத்தான் பரிந்துரைப்பேன். எதை எப்போது பார்ப்பது என்ற கணக்கை மனிதர் சுமக்கத் தேவையில்லை. ஆனால் இரண்டு எச்சரிக்கைகள். நாள்தோறும் சேர்க்கும் புதிய அட்டைகளுக்கு உச்சவரம்பு வைத்துக்கொள்ளுங்கள். இன்று உற்சாகத்தில் சேர்ப்பவை அனைத்தும் அடுத்த வாரங்களில் திருப்புதலாகத் திரும்பி வரும், சில நாள் விட்டுவிட்டால் மலைத்துப்போவீர்கள். பிறர் எழுதிய கட்டுகளை அப்படியே இறக்கிக்கொள்ளவும் வேண்டாம். பாடத்தைப் படித்து, எது கேள்வியாகத் தகும் என்று தேர்ந்து, சொந்தச் சொற்களில் எழுதுவதே படிப்பின் பாதி. பிறர் அட்டையில் அந்தப் பாதி வேறொருவருக்குப் போய்விடுகிறது. பிள்ளைகளுக்கு நான் இன்னும் காகித அட்டைதான் தருகிறேன். அறையிலிருந்து அறைக்கு அட்டை நகர்வதைக் கண்ணால் பார்ப்பதும் கையால் நகர்த்துவதும் அவர்களுக்குப் பெரிய ஊக்கம்.

கட்டுரை எழுதவோ, வாதத்தை வரிசைப்படுத்தவோ, ஒரு கவிதையைச் சுவைக்கவோ அட்டை கற்றுத்தராது. அதற்குப் பக்கம் பக்கமாக வாசிக்க வேண்டும், எழுத வேண்டும். ஆயினும் பாடத்தின் முடிவில் எல்லா அட்டைகளையும் தரையில் பரப்பி, எது எதற்குக் காரணம், எது எதன் விளைவு என்று பிள்ளைகளை அடுக்கச் சொல்வேன். துண்டுகளாகக் கற்றவை அங்கே ஒன்றோடொன்று சேரும். எந்த அட்டையோடும் சேராமல் ஓர் அட்டை தனித்து நின்றால், அதைப் பற்றிப் பேச நேரம் ஒதுக்குவோம். பல சமயம் வகுப்பின் சிறந்த கேள்விகள் அங்கிருந்துதான் கிளம்பும்.

சில அட்டைகள் எத்தனை வாரமானாலும் முதல் அறையை விட்டு நகர மாட்டா. பிள்ளை மேலும் உழைக்க வேண்டும் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் குறை பெரும்பாலும் அட்டையில் இருக்கும்: கேள்வி தெளிவற்றதாக இருக்கலாம், ஒரே கேள்விக்குள் இரண்டு இருக்கலாம், அல்லது அதைப் பற்றிக்கொள்ள வேறொரு செய்தி தேவைப்படலாம். "வளி" என்ற சொல் ஒரு மாணவனிடம் நிற்கவே இல்லை. "வளி என்றால் என்ன?" என்ற அட்டையை எடுத்துவிட்டு, "பூமியைச் சூழ்ந்துள்ள காற்றுப்படலத்துக்கு என்ன பெயர்? அதன் முதல் இரண்டு எழுத்துகள் எதைக் குறிக்கின்றன?" என்று எழுதச் சொன்னேன். வளிமண்டலம் அவனுக்கு அறிவியல் பாடத்தில் ஏற்கெனவே தெரியும். அதைப் பிடித்துக்கொண்டு "வளி"யும் நின்றுவிட்டது. அட்டைக்கு ஒரே கேள்வி என்ற விதியை இங்கே தளர்த்தினேன். அந்தச் சொல் ஊன்றியதும் இரண்டையும் தனித்தனி அட்டைகளாக்கினோம். இப்படி மாற்றி எழுதும்போது பழைய அட்டையைக் கட்டிலேயே விட்டுவைக்காதீர்கள். இரண்டும் சேர்ந்து வந்தால் பழைய குழப்பமும் கூடவே வரும்.